டிரம்மர் போன பிறகும் நிற்காத பீட்: மாசெராட்டியின் 'பிரமிட் ஆஃப் தி சன்'

இந்த எபிசோட ஹெட்போன்ல கேக்குறீங்கன்னா ரொம்ப நல்லது. வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கீங்கன்னா வீட்டுக்குப் போய்க் கேளுங்க, அவசரம் ஒண்ணும் இல்ல.

இன்னைக்கு ஒரே ஒரு ஆல்பத்தைப் பத்திதான் பேசப்போறேன். பேரு 'பிரமிட் ஆஃப் தி சன்'. 2010 நவம்பர்ல வந்தது. வாசிச்சது மாசெராட்டின்னு ஒரு அமெரிக்க பேண்ட். ஆமா, கார் கம்பெனி பேருதான், ஆனா காருக்கும் இவங்களுக்கும் சம்பந்தம் இல்ல. எட்டு ட்ராக். பாட்டு வரிகள் கிடையாது. முழுக்க கிடார், பேஸ், சிந்தசைசர், டிரம்ஸ். கேட்டா கால் தானா ஆடும், அப்படி ஒரு ஆல்பம்.

நான் இதை முதல்ல கேட்டது 2016-ல. அப்போ பெங்களூர்ல வேலை. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் பிடிச்சு சென்னைக்கு வருவேன். என் ரூம்மேட் ஒரு பென் டிரைவ் நிறைய ஆல்பம் போட்டுக் கொடுத்திருந்தான். ஒசூர் தாண்டி, பஸ்ல லைட் எல்லாம் அணைச்ச பிறகு இது ஓட ஆரம்பிச்சது. ராத்திரி ஹைவேக்குன்னே செஞ்ச மியூசிக் மாதிரி இருந்தது. அதுக்கப்புறம் ஜிம், டெட்லைன், வீடு பெருக்குறதுன்னு எல்லாத்துக்கும் இதுதான். மூணு நாலு வருஷம் அப்படியே கேட்டேன். யார் வாசிச்சாங்க, எப்படி எடுத்தாங்கன்னு ஒரு தடவை கூடத் தேடிப் பார்க்கல.

தேடிப் பார்த்த அன்னைக்கு ஒரு விஷயம் தெரிஞ்சது. இந்த ஆல்பத்துல டிரம்ஸ் வாசிச்ச ஆள், ஆல்பம் வெளியாகுறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே இறந்துட்டார். அந்தக் கதையைத்தான் இன்னைக்குச் சொல்லப்போறேன். கூடவே எனக்கு ரொம்ப நாளா இருக்கிற ஒரு கேள்வியும் இருக்கு: துக்கத்துல இருக்கிறவங்க ஏன் இவ்ளோ சந்தோஷமான மியூசிக் போடணும்?

முதல்ல கொஞ்சம் பின்னணி. இந்த மாதிரி மியூசிக்குக்குப் பொதுவா போஸ்ட்-ராக்னு பேரு. 1994-ல சைமன் ரெனால்ட்ஸ்ங்கிற பிரிட்டிஷ் விமர்சகர் எழுதினதுல இருந்துதான் அந்த வார்த்தை பரவுச்சு. ராக் பேண்டோட கருவிகள்தான், ஆனா வேலை வேற. கிடாரை ரிஃப் வாசிக்கிறதுக்குப் பதிலா ஒரு சூழலை, ஒரு நிறத்தை உண்டாக்குறதுக்குப் பயன்படுத்துவாங்க. பெரும்பாலும் பாடகர் இருக்க மாட்டார்.

நீங்க மொக்வாய் கேட்டிருப்பீங்க, எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் தி ஸ்கை கேட்டிருப்பீங்க. அதுல ஒரு பழகின வழி உண்டு. மெதுவா ஆரம்பிக்கும். கொஞ்சம் கொஞ்சமா சத்தம் ஏறும். ஏழாவது நிமிஷத்துல எல்லாம் உடைஞ்சு கொட்டும். கண்ணு கலங்கும். எனக்கும் அது பிடிக்கும், குறை சொல்லல. ஆனா அந்த மியூசிக்குல யாரும் ஆட மாட்டாங்க. எல்லாரும் கண்ணை மூடி, தலையை மட்டும் ஆட்டிக்கிட்டு நிப்பாங்க.

மாசெராட்டியும் அந்தப் பக்கத்துல இருந்து வந்தவங்கதான். 2000-ல ஜார்ஜியா மாநிலத்துல ஏதென்ஸ் என்ற ஊர்ல ஆரம்பிச்சாங்க. அது ஒரு யுனிவர்சிட்டி டவுன். ஆர்.இ.எம். பேண்டும், பார்ட்டி மியூசிக்குக்குப் பேர் போன பி-52ஸ் பேண்டும் அதே ஊர்தான். கோலி டென்னிஸ், மேட் செர்ரி ரெண்டு பேரும் கிடார். ஸ்டீவ் ஸ்கார்பரோ பேஸ். ஆரம்ப ஆல்பங்கள் வழக்கமான போஸ்ட்-ராக் மாதிரிதான் இருக்கும், அழகா, நிதானமா. 2007-ல 'இன்வென்ஷன்ஸ் ஃபார் தி நியூ சீசன்'னு ஒரு ஆல்பம் வருது. அதுல எல்லாம் மாறிப்போச்சு. அதே கிடார்தான், ஆனா அடியில ஒரு டான்ஸ் ஃப்ளோர் முளைச்சிருச்சு. என்ன மாறுச்சுன்னா, டிரம்மர் மாறினார். புதுசா வந்தவர் பேரு ஜெர்ரி ஃபுக்ஸ்.

அவர் என்ன பண்ணார்னு புரிய, கிடார்க்காரங்க காலடியில இருக்கிற ஒரு சின்னப் பெட்டியைப் பத்திச் சொல்லணும். டிலே பெடல். நீங்க ஒரு நோட் வாசிச்சா, கொஞ்ச நேரம் கழிச்சு அதே நோட்டை அது திருப்பிச் சொல்லும். மலைக்கு எதிர்ல நின்னு கத்தினா எதிரொலி வருமே, அதுதான். எவ்ளோ நேரம் கழிச்சு வரணும்னு நாம முடிவு பண்ணலாம்.

ஒரு சின்னக் கணக்கு. பாட்டோட வேகம் நிமிஷத்துக்கு 120 பீட்னு வச்சுக்குவோம். ஒரு பீட்டுக்கும் அடுத்த பீட்டுக்கும் நடுவுல 500 மில்லிசெகண்ட். இப்போ டிலேயை 375 மில்லிசெகண்டுக்கு வைக்கிறோம். அதாவது முக்கால் பீட். நீங்க அரை பீட்டுக்கு ஒரு நோட்னு வாசிச்சுக்கிட்டே போனா, எதிரொலி ஒவ்வொண்ணும் உங்க ரெண்டு நோட்டுக்கு நட்டநடுவுல வந்து விழும். நீங்க பீட்டுக்கு ரெண்டு வாசிக்கிறீங்க, கேக்குறவங்களுக்கு நாலு கேக்குது. ஒரு கை வாசிக்கிறது ரெண்டு கை வாசிக்கிற மாதிரி. மாசெராட்டியோட கிடார் அந்த மாதிரி மினுமினுன்னு ஓடிக்கிட்டே இருக்கிறதுக்கு இதுதான் காரணம்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. டிரம்மர் உற்சாகத்துல 120-ல இருந்து 123-க்குப் போயிட்டார்னு வைங்க. மனுஷங்க வாசிக்கும்போது இது சகஜம். ஆனா பெடலுக்கு உற்சாகம்னா என்னன்னு தெரியாது. அது 375-லயே நிக்கும். எதிரொலி பீட்டை விட்டு நழுவும், எல்லாம் குழம்பிப்போயிடும். அதனால ரெண்டு கிடாரும் டிலேல ஓடுற பேண்டுக்கு, மெஷின் மாதிரி நிக்கிற டிரம்மர் வேணும். அதே நேரம், கேக்குறவனை எழுப்பி ஆட வைக்கணும்னா மெஷின் மட்டும் பத்தாது.

இந்த மனுஷன்-மெஷின் விஷயம் டான்ஸ் மியூசிக்குல ரொம்பப் பழசு. 1977-ல டோனா சம்மர் பாடின 'ஐ ஃபீல் லவ்' இருக்கு இல்லையா, எலக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக்கோட ஆரம்பப் புள்ளிகள்ல ஒண்ணுன்னு சொல்ற பாட்டு. ஜார்ஜியோ மொரோடரும் பீட் பெலாட்டும் மியூனிக்ல எடுத்தது. அந்த ஓடுற பேஸ் லைன் மூக் சிந்தசைசர்ல வந்தது. ஒரு காதுல அசல் நோட், இன்னொரு காதுல டிலேல வர்ற நோட், சேர்ந்து ரெண்டு மடங்கு வேகமாகக் கேக்கும். இப்போ நான் சொன்ன அதே கிடார் கணக்குதான். கிட்டத்தட்ட எல்லாமே மெஷின்ல செஞ்ச பாட்டு அது. ஆனா கிக் டிரம் மட்டும் மெஷின்ல சரியா வரல. கீத் ஃபோர்சின்னு ஒரு டிரம்மர் உட்கார்ந்து காலால அடிச்சார். எதிர்காலத்தோட மியூசிக்னு கொண்டாடின பாட்டுல, இதயத் துடிப்பு ஒரு மனுஷனோட கால்.

இன்னொரு வேர் ஜெர்மனியோட டுசல்டார்ஃப் நகரத்துல இருக்கு. நோய்-ங்கிற பேண்ட், 1972-ல வந்த அவங்க முதல் ஆல்பம், 'ஹலோகாலோ'ன்னு பத்து நிமிஷ ட்ராக். அதுல கிளவுஸ் டிங்கர் ஒரே நேரான பீட்டைக் கடைசி வரைக்கும் வாசிப்பார். பெரிய ரோல் இல்ல, வித்தை காட்டுறது இல்ல. நேர் ரோட்டுல வண்டி ஓட்டுற மாதிரி. நம்ம ஊர் மிருதங்கத்துல சர்வலகுன்னு சொல்வாங்களே, கணக்கு எதுவும் காட்டாம நடையைச் சீரா ஓட விடுறது, கிட்டத்தட்ட அந்த மனசு. கேக்க எளிமையா இருக்கும். பத்து நிமிஷம் அப்படி வாசிச்சுப் பாருங்க, அப்போ தெரியும்.

ஜெர்ரி ஃபுக்ஸ் இந்த ரெண்டு பக்கத்தையும் சேர்த்தவர். அவர் ஜார்ஜியால இருந்து நியூயார்க்குக்குப் போனவர். அங்க அவரோட சொந்த பேண்டுக்குப் பேரு என்ன தெரியுமா? டூரிங் மெஷின். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவங்க இப்போ சிரிப்பீங்க. 2000-க்கு அப்புறம் நியூயார்க்குல பங்க் ராக் ஆட்களும் டிஸ்கோ ஆட்களும் ஒரே மேடையில கலக்க ஆரம்பிச்சாங்க. எல்சிடி சவுண்ட்சிஸ்டம், தி ஹுவான் மக்ளீன், மூணு ஆச்சரியக்குறியைப் பேரா வச்சுக்கிட்டு 'சிக் சிக் சிக்'னு தன்னைச் சொல்லிக்கிற பேண்ட், இந்த எல்லாத்தோடவும் அவர் வாசிச்சிருக்கார். ராத்திரி முழுக்க ஆடுற கூட்டத்துக்கு முன்னாடி பீட் குறையாம வாசிச்சுப் பழகின கை. அந்தக் கையோட மாசெராட்டிக்கு வந்தார். ஹை-ஹாட்ல வேகமா ஓடுற பொடிப்பொடி அடிகள், அடியில ஒவ்வொரு பீட்டுக்கும் கிக். கிடார் எதிரொலிகள் எல்லாம் ஓடி வந்து உட்கார அவர் ஒரு இடம் போட்டுக் கொடுத்தார்.

2009 நவம்பர் 8. நியூயார்க்குல புரூக்ளின் பகுதி, வில்லியம்ஸ்பர்க். ஒரு கட்டடத்துல நடந்த நிகழ்ச்சிக்கு ஃபுக்ஸ் போயிருந்தார். லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடுச்சு. வெளியே குதிக்க முயற்சி பண்ணும்போது லிஃப்ட் ஷாஃப்டுக்குள்ள விழுந்துட்டார். வயசு 34. இதுக்கு மேல அந்த ராத்திரியைப் பத்திச் சொல்றதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல. இதுல பாடமும் இல்ல, அர்த்தமும் இல்ல. ஒரு லிஃப்ட் நின்னுச்சு, அவ்வளவுதான்.

அப்போ மாசெராட்டி அடுத்த ஆல்பத்துக்கு நடுவுல இருந்தாங்க. ஃபுக்ஸ் வாசிச்சு வச்ச டிரம்ஸ் பதிவுகள் இருந்தது. ராக் ஆல்பம் எடுக்கும்போது பெரும்பாலும் டிரம்ஸ்தான் முதல்ல பதிவாகும். வீட்டுக்கு அஸ்திவாரம் போடுற மாதிரி. அது மேலதான் பேஸ், கிடார், சிந்த் எல்லாம் அடுக்குவாங்க. அஸ்திவாரம் இருக்கு, போட்ட ஆள் இல்ல.

ஒரு நிமிஷம் அந்த மூணு பேரோட இடத்துல உங்களை வச்சுப் பாருங்க. ஸ்டுடியோவுல ஹெட்போன் போடுறீங்க. காதுக்குள்ள உங்க நண்பர் வாசிக்கிறார், அதே தெம்போட. நீங்க அவரோட சேர்ந்து வாசிக்கணும். "இந்த இடத்துல இன்னும் நாலு பார் போடு"ன்னு கேக்க முடியாது. "கொஞ்சம் மெதுவா போலாமா"ன்னு கேக்க முடியாது. அவர் ஏற்கனவே போயிட்ட வேகத்துல நீங்க போகணும். அவர் வேகமும் சாதாரண வேகம் இல்ல.

அவங்களுக்கு வேற வழிகளும் இருந்தது. அந்தப் பதிவுகளை அப்படியே மூடி வச்சிருக்கலாம். யாரும் தப்புன்னு சொல்லியிருக்க மாட்டாங்க. இல்லன்னா, அழுகை வர வைக்கிற ஒரு அஞ்சலி ஆல்பம் போட்டிருக்கலாம். போஸ்ட்-ராக் ஆட்களுக்கு அது கை வந்த கலை. மெதுவான பியானோ, மழை சத்தம், நடுவுல இறந்தவரோட குரல் பதிவு. ரசிகர்களும் ஏத்துக்கிட்டிருப்பாங்க. ஆனா அவங்க போட்டது ஒரு டான்ஸ் ஆல்பம். முந்தினதை விட சிந்தசைசர் அதிகம், முந்தினதை விட டிஸ்கோ அதிகம்.

ஆல்பத்தைக் கேட்டா, முதல் ட்ராக் 'ஹூ கேன் ஃபைண்ட் தி பீஸ்ட்'. அடுத்து டைட்டில் ட்ராக். இந்த ரெண்டையும் நடுவுல நிறுத்தாம சேர்த்துக் கேளுங்க. அதுக்கு அடுத்தது 'வீ காட் தி சிஸ்டம் டு ஃபைட் தி சிஸ்டம்'. நான் டிலே கணக்கு சொன்னேனே, அது புரியணும்னா இதைக் கேட்டாப் போதும். எது விரல் வாசிக்கிறது, எது எதிரொலின்னு பிரிக்க முயற்சி பண்ணுங்க. கொஞ்ச நேரத்துல விட்டுடுவீங்க. அதுதான் நல்லது.

ரெண்டு ட்ராக் பேரு 'தே'ல் நோ மோர் சஃபர் ஃப்ரம் ஹங்கர்', 'தே'ல் நோ மோர் சஃபர் ஃப்ரம் தர்ஸ்ட்'. பசியால இனி வாட மாட்டாங்க, தாகத்தால இனி வாட மாட்டாங்க. கிறிஸ்தவ வீடுகள்ல அடக்க ஆராதனைக்குப் போனவங்களுக்கு இது பழகின மாதிரி இருக்கும். பைபிள்ல வெளிப்படுத்தின விசேஷம் ஏழாம் அதிகாரத்துல, துன்பத்தைக் கடந்து போனவங்களைப் பத்தின பகுதி இருக்கு. எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. அவங்க அதை நினைச்சுத்தான் வச்சாங்களோ என்னவோ, தலைப்பைத் தவிர வேற வார்த்தையே இல்லாத ஆல்பத்துல தலைப்பு கொஞ்சம் அதிகமாவே பேசும்.

கடைசி ட்ராக் பேருல மறைக்க ஒண்ணும் இல்ல. 'பை எம்ஃப்ரெண்ட், குட்பை'. போய்ட்டு வா நண்பா. ஆல்பம் முழுக்க நேரடியா சொன்ன ஒரே துக்கம் இதுதான்.

இப்போ நான் முதல்ல கேட்ட கேள்விக்கு வர்றேன். அதுக்கு என் வீட்டுக் கதை ஒண்ணு சொல்லணும்.

எனக்கு ஒரு சித்தப்பா இருந்தார். எங்க சொந்தத்துல எந்தக் கல்யாணம்னாலும் மாப்பிள்ளை அழைப்புல முதல் வரிசையில ஆடுறது அவர்தான். குடிக்கவெல்லாம் மாட்டார், சும்மா ஆடுவார். சாவு வீட்டுல மேளம் அடிச்சாலும் துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு இறங்கிடுவார். "அழறதுக்கு ஆள் இருக்காங்க, ஆடுறதுக்கு நான் இருக்கேன்"னு சொல்வார். 2021 மே மாசம் அவர் கோவிட்ல போயிட்டார். அந்த நாட்கள் உங்களுக்கே தெரியும். கூட்டம் சேர முடியாது. ஆஸ்பத்திரியில இருந்து நேரா மயானம். மேளம் இல்ல, ஆட்டம் இல்ல. எத்தனையோ பேருக்கு ஆடின மனுஷனுக்கு ஆட ஒருத்தர் இல்ல.

வீட்டுல பதினாறாம் நாள் வரைக்கும் டிவி போடல, பாட்டு போடல. அது சரிதான். ஏழாவது நாளோ எட்டாவது நாளோ, ராத்திரி நான் மொட்டை மாடிக்குப் போய் ஹெட்போன்ல இந்த ஆல்பத்தைப் போட்டேன். ஏன் இதைப் போட்டேன்னு தெரியல, கை போனதுல வந்தது. ரெண்டாவது ட்ராக்ல கால் ஆட ஆரம்பிச்சது. உடனே ஒரு குற்ற உணர்ச்சி. கீழ சித்தி உட்கார்ந்திருக்காங்க, நான் மேல தாளம் போடுறேன். நிறுத்தினேன். அப்புறம் இந்த ஆல்பத்தோட கதை ஞாபகம் வந்தது. மூணு பேர், இல்லாத ஒருத்தரோட வேகத்துக்கு ஓடிக்கிட்டு இருக்காங்க. திரும்பப் போட்டேன். ஆடினேன். நல்லா ஆடத் தெரியாது எனக்கு, இருந்தாலும் ஆடினேன்.

அப்போ எனக்கு ஒண்ணு புரிஞ்சது. சந்தோஷமான மியூசிக்குன்னா, ஒண்ணும் நடக்காத மாதிரி இருக்கிறதுன்னு நான் நினைச்சிருந்தேன். துக்கத்துக்கு எதிர்ப்பக்கம்னு நினைச்சிருந்தேன். ஆனா பீட்டை ஒரே சீரா பிடிச்சுக்கிட்டு நிக்கிறதும் ஒரு மரியாதை. ஜெர்ரி ஃபுக்ஸ் வாழ்க்கை முழுக்கச் செஞ்ச வேலை ஜனங்களை ஆட வைக்கிறது. அவருக்காக மெதுவா வாசிச்சிருந்தா அது மத்தவங்களோட துக்கமா இருந்திருக்கும். அவர் வேகத்துலயே வாசிச்சதால அது அவரோட ஆல்பமா இருக்கு.

சாவு வீட்டுல மேளம் அடிச்சு ஆடிப் பழகின ஊர் நம்ம ஊர். நம்மள்ல பாதிப் பேருக்கு இது புதுசே இல்ல. அபார்ட்மென்ட்ல குடியேறின பிறகு கொஞ்சம் மறந்துட்டோம், அவ்வளவுதான்.

ஒரு விஷயம் மட்டும் சேர்த்துச் சொல்லிடறேன். கதை தெரிஞ்சதால ஆல்பம் மாறல. அதே எட்டு ட்ராக், அதே மில்லிசெகண்ட் கணக்கு. கதை தெரியாம கேட்டப்பவும் அது நல்ல ஆல்பமாத்தான் இருந்தது. இறந்துட்டார்னு பரிதாபப்பட்டுக் கேக்க வேண்டிய தேவையே இல்லாத ஆல்பம். அவங்களும் அதோட நிறுத்திடல. மைக் ஆல்பனீஸ்னு வேற ஒரு டிரம்மரோட 2012-ல அடுத்த ஆல்பம் போட்டாங்க, அப்புறமும் தொடர்ந்தாங்க. பீட் கை மாறுச்சு, நிக்கல.

சரி, வீட்டுப்பாடம். முதல் தடவை கேக்கும்போது நான் சொன்ன எல்லாத்தையும் மறந்துடுங்க. ராத்திரி, ஹெட்போன், முடிஞ்சா ஓடுற வண்டியில ஜன்னல் சீட். முழு ஆல்பத்தையும் வரிசையா. ரெண்டாவது தடவை, கிடாரை விட்டுட்டு டிரம்ஸை மட்டும் பிடிச்சுக்கிட்டே போங்க. ஹை-ஹாட்ல அந்தப் பொடிப்பொடி அடிகளைக் கவனிங்க. ஒரு ஆள் உட்கார்ந்து, வேர்த்து, சிரிச்சுக்கிட்டே வாசிக்கிற மாதிரி எனக்குக் கேக்கும். உங்களுக்கு எப்படிக் கேக்குதுன்னு எனக்கு எழுதுங்க.

உங்க வீட்டுலயும் ஆட ஒரு ஆள் இருந்திருப்பாங்க. அவங்களுக்குப் பிடிச்ச பாட்டையும் ஒரு தடவை போடுங்க. சத்தமாவே போடுங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.